வெள்ளைச் சீட்டு

பெரும்பாக்கம், ஏழாம் மாடி.
கீழே லிஃப்ட் கதவில் ஒட்டிய பட்டியலில்
எங்கள் வீடு மூன்றாவது வரி.
பதினோரு மாத நிலுவை, எட்டாயிரத்து இருநூற்று ஐம்பது.
தை பிறந்ததிலிருந்து அந்த லிஃப்ட் ஓடவில்லை,
நோட்டீஸ் ஒட்ட உதவுகிறது.

பேர் இன்னும் அவருடையதுதான்:
தேசிங்கு, த/பெ குப்புசாமி.
டீக்கடையில்கூடக் கணக்கு வைக்காத மனுஷன்.
செத்து மூன்று வருஷம் கழித்துப்
பாக்கிக்காரராக நிற்கிறார்,
குடம் தூக்கிப் போகிறவர்கள் எல்லாம் படிக்கிற இடத்தில்.

"நானும் இருக்கேன் பாரு, ஆறாவது" என்றாள் ரெஜினா,
பரீட்சையில் பாஸான மாதிரி.

ஆற்றோரம் இருந்தவரை வாடகை என்று ஒன்று இல்லை.
சில கார்த்திகையில் தண்ணீர் உள்ளே வந்து
பாய், அடுப்பு, பிள்ளையின் நோட்டு என்று
தானே எடுத்துக்கொண்டு போகும்.
அதுவும் ரசீது தந்ததில்லை.

முகாம் சனிக்கிழமை.
கம்பெனியில் பன்னிரண்டாம் மாடிக் கழிவறைகளை
செல்வியிடம் மாற்றிவிட்டு வந்தேன்.
ஷாமியானா, இரண்டு மேஜை, ஒரு மடிக்கணினி,
ஒரு மின்விசிறி, அதுவும் அவர்கள் பக்கம் பார்த்து.

"நாலு மாசம் கட்டியிருக்கேன் சார்.
பதினொண்ணு இல்ல, ஏழுதான்."
"ரசீது?"
பையை அவிழ்த்தேன்.
செட்டாப் பெட்டிக்கு அடியில், ரேஷன் கார்டோடு,
பத்திரமாக வைத்திருந்தவை.
ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் பரப்பினேன்.

வெள்ளை.
நான்கும் வெறும் வெள்ளை.
ராத்திரி பகலாய் சீரியல் ஓடிய சூட்டில்
எழுத்தெல்லாம் ஆவியாய்ப் போயிருந்தது.

அவர் ஒன்றைத் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்தார்.
பின்பக்கம் திருப்பினார்.
"இதுல ஒண்ணுமே இல்லையேம்மா."

இருக்கிறது சார்.
முதல் சீட்டு ஆடியில்,
ஹேமாவதி அறுந்த செருப்பில் ஊக்கு குத்திப் போன மாசம்.
அடுத்தது தீபாவளிப் பணத்தில்.
மார்கழிச் சீட்டுக்கு கொலுசு, ஒரு கால் மட்டும்,
இன்னொன்றின் திருகு எப்போதோ காணாமல் போய்விட்டது.
நாலாவது எந்த மாசம் என்று
எனக்கே இப்போது சரியாக வரவில்லை.

இதை எல்லாம் சொன்னேனா,
சொல்ல நினைத்தேனா, தெரியாது.
பின்னால் நின்றவர் "சீக்கிரம்மா" என்றார்.

"சரி, மெயின் ஆபீஸ்ல தேடச் சொல்றேன்.
இப்ப எவ்ளோ கட்ற?"
கைக்குட்டையில் முடிந்தது ஆயிரத்து ஐந்நூறு.
"ரெண்டு மாசம். மீதிய மாசாமாசம் ஒண்ணு சேத்துக் கட்டு."
மாசம் எழுநூற்று ஐம்பது இரண்டு தரம்.
சம்பளத்தை மனசுக்குள் விரித்துப் பார்த்தேன்.
போர்வை சின்னது, கால் வெளியே வருகிறது.
தலையாட்டினேன்.

"பேர மாத்திக்கணும்னா
வாரிசுச் சான்று வேணும்" என்றார், தலை நிமிராமல்.
அதற்கு இன்னொரு லீவு.
அதுவரை பாக்கி அவர் பேரில்,
கட்டுவது என் கை.
உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான் சில மாசம்.

மெஷின் நாக்கை நீட்டியது.
புதுச் சீட்டு, கறுப்பு எழுத்து, தேதி, தொகை.
மடிக்கவில்லை, மார்பில் செருகவில்லை.
வேர்வைக்கும் போகுமோ என்னவோ.
இரண்டு விரலில் பிடித்தபடி
பஸ் ஸ்டாப் எதிரே ஜெராக்ஸ் கடைக்கு நடந்தேன்.

இரண்டு ரூபாய்.
வெளிச்சம் ஒருமுறை குறுக்கே ஓடியது.
காகிதம் சூடாக வந்தது.
பயந்துபோய் உடனே பிரித்துப் பார்த்தேன்.

எழுத்து இருந்தது.
"இன்னொரு காப்பி போடுங்க" என்றேன்.